கரையோரக் கடல்நீரின் ஒளியும் வேதியும்: ஆய்வுக் கப்பலில் அளப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கரையோரக் கடல்நீரின் ஒளிப் பண்புகளையும் வேதிப் பண்புகளையும் ஒரே பயணத்தில் அளக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக நன்றாக இயக்கத் தெரிந்தவர்கள்கூட முதல் ஸ்டேஷனில், அதாவது கப்பல் நின்று அளக்கும் முதல் இடத்தில், திணறிப் போகிறார்கள். பெரும்பாலும் அவர்களுக்குச் சிக்கல் கருவியில் இல்லை, எதை முதலில் செய்வது என்பதில்தான்.

டெக்கில் இருந்து ஒளிமானி பார்த்த நீரும், பாட்டிலில் பிடித்த நீரும் ஒரே நீராக இருந்தால்தான் இரண்டு தரவையும் சேர்த்துப் படிக்க முடியும். திறந்த கடலில் ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் தாங்கும். கரையோரத்தில் அப்படியில்லை. அதற்குள் ஓதம் திரும்பிவிடும், ஆற்று நீர் மெல்லிய அடுக்காக மேலே பரவிவிடும், அடிச்சேறு கலங்கிவிடும். கீழே உள்ள வரிசை முழுக்க இதை மனதில் வைத்து அமைத்தது.

1. கரையிலேயே முடிக்க வேண்டியவை

ஆடும் கப்பலில் நுண்தராசு நிலையாக நிற்காது. அதனால் மிதக்கும் துகள்களின் எடைக்கான வடிகட்டிகளைக் கரையிலேயே தூய நீரில் அலசி, உலர்த்தி, எடை போட்டு, எண் எழுதிய தட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்துவிடுங்கள். எண்ணை மூடியில் எழுதாமல் தட்டின் அடிப்பாகத்தில் எழுதுங்கள், மூடிகள் எப்போதும் மாறிப்போகும்.

கரைந்த கரிமப் பொருளுக்கான கண்ணாடி பாட்டில்களையும் ஜிஎஃப்/எஃப் கண்ணாடி இழை வடிகட்டிகளையும் 450 டிகிரி செல்சியஸில் நாலைந்து மணி நேரம் சுட வேண்டும். விரல் பட்ட இடத்தில் இருக்கும் எண்ணெய்ப் பசைகூட அளவில் தெரியும் என்பதுதான் காரணம். சூட்டை 500-க்கு மேல் கொண்டு போகாதீர்கள், இழை உருகித் துளையின் அளவு மாறிவிடும். ஊட்டச்சத்து மாதிரிகளுக்கான பிளாஸ்டிக் குப்பிகளை 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊற வைத்து, தூய நீரில் பல முறை அலசிக் கவிழ்த்து வையுங்கள்.

லேபிள்களை முன்கூட்டியே அச்சடியுங்கள். ஸ்டேஷன், ஆழம், எந்த அளவீடு, எத்தனையாவது நகல் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஈரக் கையோடு, ஆடும் மேசையில், மங்கிய வெளிச்சத்தில் எழுதும் லேபிளை ஆறு மாதம் கழித்து யாராலும் படிக்க முடியாது.

ஒளிமானிகளுக்குப் பயணத்துக்கு முன்பும் பின்பும் அளவுத் திருத்தம் வேண்டும். முன்னால் மட்டும் செய்தால், நடுவில் கருவி விலகியதா நீர் மாறியதா என்று சொல்ல வழியிருக்காது.

2. ஸ்டேஷன்களும் நேரமும்

சம தூரத்தில் கோடு போட்டு ஸ்டேஷன் குறிப்பது புதியவர்களின் வழக்கம். கரையோரத்தில் இது வீண். ஆற்று நீர் கடல்நீரோடு கலக்கும் சில கிலோமீட்டருக்குள்தான் எல்லாம் மாறுகிறது. அங்கே நெருக்கமாகவும், வெளியே அகலமாகவும் குறியுங்கள். தூரத்தை விட உப்புத்தன்மையின் படியை வைத்துத் திட்டமிடுவது நல்லது.

செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிடுவது நோக்கமென்றால், அது தலைக்கு மேல் கடக்கும் நேரம்தான் அன்றைய அட்டவணையின் அச்சு. முன்பின் மூன்று மணி நேரம் வரை ஒப்பீட்டுக்கு ஏற்கும் வழக்கம் உண்டு. ஓதம் வலுவாக இருக்கும் இடத்தில் அது மிக அதிகம், ஒரு மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சென்டினல்-3 செயற்கைக்கோளின் கடல் நிறக் கருவிக்கு ஒரு படப்புள்ளி 300 மீட்டர். கரையை ஒட்டிய புள்ளிகளில் நிலத்தின் ஒளியும் கசிந்து சேரும். ஒப்பீட்டு ஸ்டேஷன் கரையிலிருந்து பல புள்ளிகள் தள்ளி இருக்கட்டும்.

முடிந்தால் தெளிந்த நீரிலிருந்து கலங்கிய நீரை நோக்கிப் போங்கள். குழாயிலும் புனலிலும் ஒட்டிய மிச்சம் அடுத்த மாதிரியைக் கெடுப்பது அப்போது குறையும். வெயில் நேரமும் இதுவும் மோதினால் வெயிலுக்கே முன்னுரிமை.

3. துறைமுகத்தில் ஒரு ஒத்திகை

கப்பல் கிளம்பும் முன் ஒரு முழு ஸ்டேஷனை உலர்வாக நடத்திப் பாருங்கள். யார் எங்கே நிற்பது, எந்த பாட்டில் யார் கையில், வடிகட்டும் இடத்துக்கு எந்த வழியாகப் போவது, எல்லாம் அதில் தெரிந்துவிடும். கப்பலின் ஆய்வகத்தில் எல்லாவற்றையும் கட்டி வையுங்கள். மாதிரியில் உயிரிகளின் செயலை நிறுத்தச் சேர்க்கும் மெர்குரிக் குளோரைடு கடும் நஞ்சு, அதற்குத் தனித் தட்டு, தனிக் கையுறை, தனிக் கழிவுப் பாட்டில். திரவ நைட்ரஜனைக் காற்றோட்டம் இல்லாத அறையில் வைக்கவே கூடாது. ஆவியாகி அறையின் ஆக்சிஜனை வெளியே தள்ளிவிடும், ஆபத்து வருவது யாருக்கும் தெரியாது.

கேப்டனிடம் இரண்டு விஷயங்களைப் பேசி முடியுங்கள். ஸ்டேஷனை நெருங்குவதற்கு முன்பே கழிவுநீர் வெளியேற்றத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தியதைக் கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜிலிருந்து உறுதி சொல்ல வேண்டும். அம்மோனியம் அளவில் இதுதான் அடிக்கடி வரும் திருட்டுக் கலப்பு. இரண்டாவது, கப்பல் எந்தத் திசை பார்த்து நிற்கும் என்பது. ஒளிமானிக்கு வேண்டிய கோணம் கப்பலின் நிலையால்தான் கிடைக்கும்.

4. ஸ்டேஷனில் முதல் பத்து நிமிடம்: ஒளி

கப்பல் நின்றதும் எல்லோரும் சிடிடி சட்டத்தை நோக்கி ஓடுவார்கள் (மின்கடத்தல், வெப்பம், ஆழம் அளக்கும் சிடிடி கருவியும் நீர் பிடிக்கும் பாட்டில்களும் பொருத்திய சட்டம் அது). வேண்டாம். முதலில் டெக்கில் இருந்து செய்யும் ஒளி அளவீடு. ஆழம் குறைந்த இடத்தில் கப்பலை நிலைநிறுத்தப் பக்க உந்திகள் சுழலச் சுழல அடிச்சேறு கிளம்பும், நீரின் நிறமே மாறிவிடும். கலங்காத நீர் கிடைப்பது இந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான்.

ஒளிமானிகளைக் கப்பலின் முன்முனையில் பொருத்துங்கள். பின்பக்கம் உந்தியின் நுரை, நடுப்பக்கம் கப்பல் சுவரின் எதிரொளி. நீரைப் பார்க்கும் கருவி செங்குத்துக் கோட்டிலிருந்து 40 டிகிரி சாய்வில், சூரியனின் திசையிலிருந்து 135 டிகிரி விலகி இருக்க வேண்டும். வானத்தைப் பார்க்கும் கருவிக்கும் அதே திசை, உச்சியிலிருந்து அதே 40 டிகிரி. மூன்றாவது கருவி மேலிருந்து விழும் மொத்த ஒளியை அளக்கும். இந்தக் கோணங்களில் சூரியப் பளபளப்பும் கப்பலின் நிழலும் மிகக் குறைவு. கப்பல் இடம் தரவில்லையென்றால் அந்த 135-இலிருந்து 90 டிகிரி வரை இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம்.

நீரிலிருந்து வந்த மொத்த ஒளியிலிருந்து மேற்பரப்பு எதிரொளித்த வான ஒளியைக் கழிக்க வேண்டும். தெளிந்த வானத்தில், காற்று வினாடிக்கு 5 மீட்டருக்குக் கீழ் இருக்கும்போது, வான ஒளியின் அளவை 0.028-ஆல் பெருக்கிக் கழிப்பது வழக்கம். காற்று ஏறினாலோ மேகம் சூழ்ந்தாலோ அந்த எண் பொருந்தாது. அதனால்தான் காற்று வேகம், மேகம், அலை, வானத்தின் புகைப்படம் நான்கையும் அப்போதே பதிய வேண்டும்.

கரையோரத்துக்கு வருபவர்கள் திறந்த கடல் பழக்கத்தோடு ஒரு பெரிய தவறைக் கொண்டுவருவார்கள். தெளிந்த நீரில் 750 நானோமீட்டருக்கு அப்பால் ஒளி ஏறக்குறைய திரும்பாது, அங்கே சுழி (பூஜ்யம்) என்று வைத்து முழு நிறமாலையையும் கீழே இறக்குவது உண்டு. சேறு கலந்த நீரில் துகள்கள் அந்த அலைநீளத்திலும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அங்கே சுழி வைத்தால் நீரிலிருந்து வந்த உண்மையான ஒளியையே வெட்டி எறிகிறீர்கள். அது பிழையல்ல, சேற்றின் அளவைச் சொல்லும் தகவலே அதுதான்.

சரி, அடுத்து செக்கி தட்டு, அதாவது நீரின் தெளிவை அளக்கக் கயிற்றில் இறக்கும் வட்டத் தட்டு. நிழல் பக்கத்திலிருந்து இறக்கி, மறையும் ஆழம், திரும்பத் தெரியும் ஆழம் இரண்டின் சராசரியை எழுதுங்கள். வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

5. நீருக்குள் இறங்கும் ஒளிக்கருவிகள்

ஒளி உறிஞ்சலையும் தணிவையும் அளக்கும் ஏசி-எஸ் வகைக் கருவிக்குப் பரம எதிரி காற்றுக் குமிழி. குழாய்க்குள் சிக்கிய ஒரு குமிழி சேறாகத் தோற்றமளிக்கும். கருவியைச் சில மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, பம்பை ஓடவிட்டுச் சில நிமிடம் காத்திருந்து, வாசிப்பு அடங்கியதும் மேலே கொண்டுவந்து, அங்கிருந்து மெதுவாக இறக்குங்கள். கீழிறங்கும்போது எடுத்ததைத்தான் பயன்படுத்துங்கள், ஏறும்போது சட்டமே கலக்கிவிட்ட நீரில்தான் கருவி வருகிறது.

மிகக் கலங்கிய நீருக்கு 25 சென்டிமீட்டர் குழாயை விட 10 சென்டிமீட்டர் குழாய் ஏற்றது. நீளக் குழாயில் மறுமுனைக்கு ஒளி போய்ச் சேராமல் வாசிப்பு நிரம்பிவிடும், அதாவது கருவியின் உச்ச வரம்பை எட்டிவிடும். தூய நீர் வாசிப்பைக் கப்பலிலேயே அடிக்கடி எடுங்கள், கருவியின் வாசிப்பு பயணத்தில் மெல்ல விலகும். துகள்கள் பின்னோக்கிச் சிதறடிக்கும் ஒளியை அளக்கும் பின்சிதறல் மானிக்கு, கண்ணாடிச் சாளரத்தைக் கருப்பு டேப்பால் மூடி, நீருக்குள்ளேயே இருட்டு வாசிப்பு எடுக்க வேண்டும். அப்புறம் டேப்பைக் கழற்றினோமா என்று பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

6. சிடிடி இறக்கம்

நீரின் மின்கடத்தலைப் பார்த்த பிறகே பம்ப் ஓடத் தொடங்கும் கருவிகள் உண்டு. கடலில் இது சௌகரியம். ஆற்று முகத்தில் நீர் ஏறக்குறைய நன்னீராக இருப்பதால் பம்ப் ஓடாமலேயே இருந்துவிடும், உப்பும் ஆக்சிஜனும் அர்த்தமில்லாத எண்களாக வரும். கருவியின் வரம்பு எண்ணைக் கிளம்பும் முன் குறைத்து வையுங்கள்.

பாட்டில்கள் திறந்தபடியே கீழே போகும், இறங்கும்போது எதையும் மூடாதீர்கள். வெப்பம், உப்பு, ஒளிர்வு, கலங்கல் ஆகியவற்றின் வரைபடத்தைத் திரையில் பார்த்து, அடுக்குகள் எங்கே என்று அறிந்தபின், ஏறும்போது ஆழங்களை முடிவு செய்யுங்கள். ஒவ்வோர் ஆழத்திலும் அரை நிமிடமாவது நின்றபின் மூடுங்கள். சட்டம் தன்னோடு இழுத்து வந்த கீழ்நீர் விலக அந்த நேரம் வேண்டும்.

மேற்பரப்பு மாதிரியில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உணர்கருவிகள் சட்டத்தின் அடியில் இருக்கும், நீர் பிடிக்கும் நிஸ்கின் பாட்டில் அதற்கு மேலே நிமிர்ந்து நிற்கும். திரை காட்டும் ஆழமும் பாட்டில் நிரம்பிய ஆழமும் ஒன்றல்ல. ஆற்று நீர் அடுக்கு ஒரு மீட்டர் கனம் மட்டுமே இருக்கும் இடத்தில், பாட்டிலுக்குள் பாதி ஆற்று நீர், பாதி கடல்நீர். ஒளிமானி பார்த்ததோ அந்த மேல் அடுக்கை மட்டும். அங்கே சுத்தமான வாளியில் மேல்நீரைத் தனியாக மொண்டு எடுப்பதே சரியான வழி. கரைந்த வாயுக்களுக்கு மட்டும் வாளி ஆகாது.

7. பாட்டிலிலிருந்து நீர் பிடிக்கும் வரிசை

சட்டம் டெக்கில் உட்கார்ந்ததும் முதலில் கசிவு சோதனை. மேலே உள்ள காற்றுத் திருகைத் திறக்காமல் கீழ்க் குழாயை மட்டும் திறங்கள். நீர் வரக்கூடாது. சொட்டிக்கொண்டே இருந்தால் மூடி சரியாக உட்காரவில்லை, வெளிநீர் கலந்திருக்கலாம் என்று பதிவேட்டில் குறியுங்கள்.

முதல் மாதிரி ஆக்சிஜன். காற்றுத் திருகு திறந்த நொடியிலிருந்து பாட்டிலின் தலைப்பகுதியில் காற்று புகுகிறது, வாயு அளவு மாறத் தொடங்குகிறது. மென்குழாயைக் குப்பியின் அடிவரை விட்டு, குமிழி இல்லாமல் நிரப்பி, குப்பியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நீர் வழியவிடுங்கள். மாங்கனீசுக் கரைசலையும் கார அயோடைடையும் நீர்மட்டத்துக்குக் கீழே விட்டு, மூடி, பலமாகக் குலுக்குங்கள். படிவு பாதியளவு இறங்கியதும் இன்னொரு முறை குலுக்குங்கள். நீர் பிடிக்கும்போது இருந்த வெப்பநிலையை எழுத மறந்தால், பிறகு அடர்த்தியைக் கணக்கிட்டு ஒரு கிலோவுக்கு இவ்வளவு என்று மாற்ற முடியாது.

இரண்டாவது, கரைந்த கனிமக் கார்பனும் காரத்தன்மையும், அதோடு பிஎச். இதுவும் அடியிலிருந்து நிரப்பி வழியவிடும் முறைதான். வெப்பத்தில் நீர் விரிய ஒரு சதவீத இடம் விட்டு, 500 மில்லிக்கு 100 மைக்ரோலிட்டர் நிறைவுற்ற மெர்குரிக் குளோரைடு சேருங்கள். உயிரிகள் சுவாசித்துக்கொண்டே இருந்தால் கார்பன் அளவு நகர்ந்துவிடும். பிஎச்சை நிறம் மாறும் சாயம் சேர்க்கும் முறையில் கப்பலிலேயே அளப்பதாக இருந்தால் அதற்கு நஞ்சு சேர்க்க வேண்டாம், உடனே மூடி, உடனே அளங்கள்.

அடுத்து ஊட்டச்சத்துகள். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், அம்மோனியம். புகைபிடித்த கையோடு யாரும் பாட்டிலருகே வரக்கூடாது, அம்மோனியம் ஏறும். அதன் பின் கரைந்த கரிமக் கார்பனும் நிறமுள்ள கரைபொருளும் (நீருக்குப் பழுப்பு நிறம் தரும் கரைந்த கரிமப் பொருள்), பிறகு உப்புத்தன்மை.

பச்சையமும் துகள்களும் கடைசி என்பதே எழுதிவைத்த வரிசை. ஆனால் கரையோரத்தில் அதை அப்படியே பின்பற்றினால் கெடும். பாட்டில் காத்திருக்கும் நேரத்தில் கனமான துகள்கள் குழாய்க்குக் கீழே படிந்துவிடும், நீங்கள் பிடிப்பது தெளிந்த மேல்நீர். ஆகவே ஒவ்வோர் ஆழத்திலும் இரண்டு பாட்டில்களை மூடுங்கள். ஒன்று வாயுவுக்கும் கரைபொருளுக்கும். மற்றொன்றை முழுதாக ஒரு கருப்புக் கேனில் வடித்து, ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் மெதுவாகச் சுழற்றி, துகள் மாதிரிகள் அனைத்தையும் அதிலிருந்தே எடுங்கள். துகள் எடை, பச்சையம், துகள் உறிஞ்சல் மூன்றும் ஒரே கேன் நீரிலிருந்து வந்தால்தான் பிறகு ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்கலாம்.

சிடிடி ஏறியதும் டெக் ஒளிமானியை இன்னொரு முறை ஓட்டுங்கள். முதலில் எடுத்ததோடு இது ஒத்துப்போனால் ஸ்டேஷன் முழுவதும் நீர் மாறவில்லை. ஒத்துப்போகாவிட்டால் அதையும் தெரிந்துகொண்டீர்கள்.

8. வடிகட்டுதல்

இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது. பச்சையத்துக்கு விளக்கை மங்கலாக்கி, 25 மி.மீ. ஜிஎஃப்/எஃப் வடிகட்டியில், உறிஞ்சழுத்தம் 125 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகாமல் வடிகட்டுங்கள். அழுத்தம் கூடினால் மென்மையான செல்கள் உடைந்து நிறமி கீழே ஓடிவிடும்.

எவ்வளவு நீர் என்பதைக் கண்ணால் முடிவு செய்யுங்கள். வடிகட்டியில் நிறம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஓட்டம் நிற்கும் முன் நிறுத்த வேண்டும். வெளிக்கடலில் லிட்டர் கணக்கில் போகும் வடிகட்டி, ஆற்று முகத்தில் 100 மில்லியிலேயே அடைத்துக்கொள்ளும். புனலில் ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு அடைத்தபின் மிச்சத்தை எடுத்துக் கொட்டினால், போன நீர் எவ்வளவு என்றும் தெரியாது, துகள் சமமாகவும் படியாது. சிறிது சிறிதாக ஊற்றிக் கணக்கு வையுங்கள்.

துகள் எடை வடிகட்டியில் உப்புதான் வில்லன். நீர் வடிந்ததும் தூய நீரால் மூன்று முறை அலசுங்கள், புனலைக் கழற்றியபின் வடிகட்டியின் விளிம்பையும் தனியாக அலசுங்கள். புனலின் அடியில் அழுந்தியிருந்த அந்த வளையத்தில்தான் உப்பு ஒளிந்திருக்கும். துகள் குறைவான நீரில் அந்த உப்பின் எடை துகளின் எடையையே விழுங்கிவிடும். 0.2 மைக்ரானில் வடிகட்டிய கடல்நீரை இதே முறையில் ஒரு வெற்று வடிகட்டியில் ஓட்டி, வெற்று எடையும் எடுங்கள்.

ஒளி உறிஞ்சலுக்கான வடிகட்டியை மடிக்கக் கூடாது. துகள்கள் மேலே, தட்டையாக, அப்படியே உறைய வேண்டும். பச்சைய வடிகட்டியை மடித்து அலுமினியத் தாளில் சுற்றலாம்.

நிறமுள்ள கரைபொருளுக்கு 0.2 மைக்ரான் வடிகட்டி. முதலில் வரும் நீரை அலசுவதற்கு மட்டும் பயன்படுத்திக் கொட்டிவிடுங்கள். அடுத்ததைச் சுட்ட பழுப்பு பாட்டிலில் பிடியுங்கள்.

9. எதை எங்கே வைப்பது

நிறமி, துகள் உறிஞ்சல் வடிகட்டிகள் திரவ நைட்ரஜனில், பிறகு மைனஸ் 80-இல். சாதாரண ஃப்ரீசரில் வைத்தால் நிறமி மெல்ல மெல்லச் சிதையும். ஊட்டச்சத்துகள் மைனஸ் 20. குப்பியை நிறைய நிரப்பாதீர்கள், உறைந்தால் விரிந்து உப்புக்கரைசல் வெளியேறும். சிலிக்கேட் அதிகமுள்ள ஆற்று நீரை உறைய வைத்தால் அது சங்கிலியாகச் சேர்ந்து அளவில் குறைவாகக் காட்டும், அதற்கு ஒரு தனிக் குப்பியைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த கரிமக் கார்பனை அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கொண்டு வந்து வையுங்கள். நிறமுள்ள கரைபொருள் 4 டிகிரியில், இருட்டில், கூடிய சீக்கிரம் அளக்கும்படி.

10. கப்பலிலேயே அளப்பவை

ஆக்சிஜன் தரம்பார்த்தலை ஒரு நாளுக்குள் முடியுங்கள். நிறமுள்ள கரைபொருளின் மாதிரி அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். மாதிரிக்கும் ஒப்பீட்டுத் தூய நீருக்கும் வெப்ப வித்தியாசம் இருந்தால் 750 நானோமீட்டர் அருகே பொய்யான மேடு தோன்றும். 10 சென்டிமீட்டர் குவார்ட்ஸ் குடுவை வழக்கம், ஆனால் கடும் பழுப்பு நீரில் புற ஊதாப் பக்கம் வாசிப்பு நிரம்பிவிடும், அப்போது சிறிய குடுவை. கருவி தரும் எண்ணை 2.303-ஆல் பெருக்கி, குடுவை நீளத்தை மீட்டரில் எடுத்து வகுத்தால் உறிஞ்சல் கெழு கிடைக்கும். இந்த 2.303-ஐ விட்டுவிட்ட அட்டவணைகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன.

11. தூங்கும் முன்

அன்றைய தரவை அன்றே வரைந்து பாருங்கள். பாட்டில் உப்பையும் சிடிடி உப்பையும் ஒப்பிட்டால் தவறான ஆழத்தில் மூடிய பாட்டில் உடனே மாட்டிக்கொள்ளும். ஒரே ஆற்றின் நீர் கடல்நீரோடு கலக்கும் இடத்தில் நிறமுள்ள கரைபொருள் உப்புத்தன்மையோடு ஏறக்குறைய நேர்கோட்டில் குறையும். விலகி நிற்கும் புள்ளி இன்னொரு நீர்மூலமாக இருக்கலாம், அழுக்குப் புனலாகவும் இருக்கலாம். நாளை அதே பகுதியில் இருக்கும்போதே சரிபார்த்துவிடலாம். துகள் எடை கரைக்குப் போனபின்தான் தெரியும், அதனால் இப்போதைக்குப் பின்சிதறலையும் செக்கி ஆழத்தையும் எதிரெதிராக வைத்துப் பாருங்கள்.

சந்தேகமான எண்ணை அழிக்காதீர்கள். பக்கத்தில் ஒரு குறி வைத்து, காரணத்தை எழுதுங்கள். நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். கப்பல் நேரம், கணினி நேரம், கைக்கடிகார நேரம் மூன்றும் கலந்த பதிவேட்டைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்துவது பெரும் வேதனை. பிறகு கருவிகளை நன்னீரில் அலசி, சாளரங்களைத் துடைத்து, மூடி போட்டு, அடுத்த ஸ்டேஷனின் குப்பிகளை வரிசையில் அடுக்கிவிட்டுப் படுங்கள்.